பழைய ஆட்கள் விண்ணப்பிக்க வேண்டாம்

பி அண்ட் டி காலனி மூன்றாம் தெருவில் உலகம்மை குடியிருந்த வீட்டின் காம்பவுண்டு சுவரில், வீட்டுக்காரர் தர்மக்கண் அண்ணாச்சி சிவப்புப் பெயிண்டில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதி வைத்திருந்ததற்கு நேர் கீழே, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முதல் விளம்பரம் தானாக வந்து ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது நாங்கள் யாரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை, எவனோ மைதாப் பசை வாளியோடு வந்து போயிருக்கிறான் என்றுதான் நினைத்தோம். தர்மக்கண் அண்ணாச்சி தபாலாபீசில் முப்பத்திரண்டு வருஷம் கடிதம் பிரித்தவர். தப்பான இடத்துக்கு வந்து சேர்ந்த காகிதம் எதைக் கண்டாலும் அவருக்குக் கை நமநமக்கும். ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய்ச் சிரட்டையுமாக மாடியிலிருந்து இறங்கிவந்து ஒன்பது மணி வரைக்கும் சுரண்டினார். காகிதத்தின் ஓரம்கூட நனையவில்லை. சிரட்டைதான் பாதியாகத் தேய்ந்திருந்தது.

'பனிமலைக் கோட்டை' என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. 'அரசர் இடம் நிரம்பிவிட்டது. படைத்தலைவர், வைத்தியர், ஒற்றர் தேவை. வாரம் ஒரு பதிவாவது எழுதவேண்டும்.' எல்லாவற்றுக்கும் கீழே, சம்பந்தமே இல்லாமல், 'கருவாடு' என்று ஒரு சொல்.

"ஒற்றர் தேவைன்னு எவனாவது சொவத்துல ஒட்டுவானாடே?" என்று அண்ணாச்சி எங்களைக் கேட்டார்.

உலகம்மை அப்போதுதான் வேலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தாள். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் பத்திரம் டைப் அடிக்கிறவள், முப்பத்தைந்து வயது, தனிக்கட்டை. சுவரைப் பார்த்தாள், கருவாட்டைப் பார்த்தாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "அதச் சொரண்டாதீய அண்ணாச்சி, விதிப்படி வந்திருக்கு" என்றாள்.

என்ன விதி என்று நாங்கள் கேட்க, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்திலும் நின்று சொன்னாள். இன்டர்நெட்டில் தாழையூர் என்று ஒரு ஊர் இருக்கிறதாம். கடற்கரை ஊர், ஒரு பஸ், ஒரு சர்ச், ஒரு கலங்கரை விளக்கம். அந்த ஊரில் குடியேற வேண்டுமென்றால் ஒரு ஆளாகப் பெயர் வைத்துக்கொண்டு, அந்த ஆள் என்ன செய்தான், என்ன பேசினான் என்று எழுதிக்கொண்டே இருக்கவேண்டும், இன்னொருவர் அதற்குப் பதிலாகத் தன் ஆளைப் பேசவைப்பார், இப்படிப் பேசிப் பேசியே ஊர் நடக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளும் அவள் தோழி எப்சிபாவும் சேர்ந்து கட்டிய ஊர் அது. அதேபோல் கோட்டை, காடு, விண்வெளி என்று மற்றவர்கள் கட்டிய ஊர்களும் நிறைய உண்டு, எல்லா ஊருக்கும் ஆள் பஞ்சம் உண்டு, ஆகவே ஒவ்வொரு ஊரிலும் விளம்பரத்துக்கென்று ஒரு பலகை உண்டு. தாழையூரின் பலகையில் முந்தின நாள் போட்ட விளம்பரம்தான் இன்றைக்குச் சுவரில் வந்திருக்கிறது. அது ஏன் பலகையை விட்டுச் சுவருக்கு வந்தது என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கருவாடு எதற்கு என்று மட்டும் கேட்டோம்.

"பன்னெண்டு விதி போட்டிருக்கேன். முழுசாப் படிச்சாவளான்னு தெரியணும்லா? ஏழாவது விதிக்கு நடுவுல அந்த வார்த்தைய ஒளிச்சு வச்சிருக்கேன். படிச்சவங்க விளம்பரத்துக்கு அடியில அத எழுதுவாங்க. எழுதாத விளம்பரம் நிக்காது" என்றாள்.

நிற்கவில்லைதான். அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டோ மூன்றோ புதிதாக வந்து ஒட்டிக்கொண்டன, கருவாடு இல்லாதவை பத்து மணி வெயிலுக்குள் சுருண்டு கீழே விழுந்தன, விழுந்ததை மட்டும் ஆடுகள் தின்றன, கருவாடு உள்ளதை ஒரு ஆடும் தொடவில்லை. வார்டு கவுன்சிலரின் ஆட்கள் அவர் மாமனாருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட வந்து, மூன்று தடவை ஒட்டி மூன்று தடவையும் அது விழுந்த பிறகு, தெருவில் நின்றபடியே செல்போனில் பன்னிரண்டு விதியையும் வரிசையாகப் படித்துவிட்டு, இறந்தவரின் புன்னகைக்குக் கீழே 'கருவாடு' என்று எழுதி ஒட்டிப் போனார்கள். விதிகளில் முதலாவது, நீங்கள் இங்கே ஒட்டினால் எங்கள் விளம்பரத்தை உங்கள் இடத்தில் ஒட்டவேண்டும் என்பது. ஆகவே துக்க வீட்டு வாசலில் பதினாறாம் நாள் வரைக்கும் 'தாழையூர் உங்களை அன்புடன் அழைக்கிறது' என்று ஒரு காகிதம் தொங்கியது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்காத தெரு எங்கள் தெரு, அந்த முதல் விதி எங்களுக்குப் புதிதாகவே தெரியவில்லை.

சுவரைப் படிக்க நின்றவர்கள்தான் ஒவ்வொருவராகத் தாழையூருக்குக் குடிபோனோம். தர்மக்கண் அண்ணாச்சி அங்கே செம்பருத்தி என்ற இருபது வயது மீன்காரி ஆனார், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சுக்குத் தெருவே சிரித்தது. இட்லி மாவு அரைத்து விற்கிற சொர்ணத்தாய் மதினி கலெக்டர் ஆனாள். கோமதிநாயகமாகிய நான், காலேஜ் விலங்கியல் லேபில் தவளைக்கும் கரப்பானுக்கும் பாட்டில் கழுவுகிறவன், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவன், அந்த ஊரின் ஒரே பஸ்ஸுக்கு டிரைவர் ஆனேன். கொண்டை ஊசி வளைவில் நான் ஸ்டியரிங்கை ஒடித்த ஒடிப்பை எழுதி முடித்தபோது என் உள்ளங்கை வேர்த்திருந்தது, அதை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

எப்சிபா நான்கு வீடு தள்ளி இருந்தாள். நர்சரி பள்ளிக்கூடத்து டீச்சர், இரண்டு பிள்ளைகள், துபாயில் புருஷன். உலகம்மையும் அவளும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். தாழையூரில் அவள்தான் விளக்குக்காரர் தொம்மை. எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதுவோம், தொம்மை மட்டும் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஒரே ஒரு வரி எழுதுவார்: 'தொம்மை விளக்கை ஏற்றினார்.' பதினோரு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. கல்யாண மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக இருந்து எழுதியிருக்கிறாள், மூத்தவன் பிறந்த அன்று பிரசவ வார்டிலிருந்து எழுதியிருக்கிறாள். அந்த வரி வந்த பிறகுதான் உலகம்மை சாப்பிடவே உட்காருவாள். சொந்தம் என்று சொல்ல வேறு யாரும் இல்லாதவளுக்கு அந்த ஊரும் அந்த வரியும்தான் எல்லாம். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும், தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல வழியில்லை.

உலகம்மை கறார்க்காரி. தொம்மையின் ஒற்றை வரியைத் தவிர, பத்து வரிக்குக் குறைந்த பதிவு எதையும் எடுத்துவிடுவாள். பிறர் ஆளின் கையை நாம் அசைக்கக்கூடாது என்பது ஐந்தாவது விதி; அனுமதி கேட்காமல் என் பஸ் வேறொருத்தரின் ஆட்டுக்குட்டியை இடித்துவிட்டது என்று என்னை ஒரு வாரம் ஊருக்கு வெளியே நிறுத்திவைத்தாள். சொர்ணத்தாய் மதினியின் கலெக்டர் போட்ட உத்தரவு இரண்டே வரி என்று அழித்தாள். "நெசக் கலெக்டரே ரெண்டு வரிலதானடி உத்தரவு போடுவாவ" என்று மதினி ஒரு வாரம் புலம்பினாள். எல்லாவற்றிலும் பெரிய விதி பதினொன்றாவது. எதை விளம்பரம் செய்தாலும் சுவரில், எல்லாரும் பார்க்கச் செய்யவேண்டும். ஒரு ஊரில் இருக்கிற ஆட்களைத் தனிக்கடிதம் போட்டு இன்னொரு ஊருக்குக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டவர் யாராக இருந்தாலும் பெயர் நீக்கப்படும், கடிதம் வந்தவர் அதை உடனே உலகம்மையிடம் சொல்லவேண்டும், மறைத்தவருக்கும் அதே கதிதான். இந்த விதியை வார்த்தை வார்த்தையாக எழுதிக் கொடுத்தவளே எப்சிபாதான்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை சட்டை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். கதவின் உட்பக்கம், கண்ணாடிக்குக் கீழே, ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. 'மணல்மேடு. புது ஊர். வரிக்கணக்கு இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு பஸ் டிரைவருக்காகக் காத்திருக்கிறது, கோமதியண்ணே.' தனிக்கடிதம்தான் இப்படி வந்திருந்தது, எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் தெருவிலேயே என்னை 'கோமதியண்ணே' என்று கூப்பிடுகிறவள் எப்சிபா ஒருத்திதான். கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது: 'விதிகளைப் படித்ததற்கு அடையாளமாக, விண்ணப்பத்தின் கீழே "உலகம்மையிடம் சொல்லமாட்டேன்" என்று டைப் செய்யவும்.'

எனக்கு ஒற்றை விரல் டைப்பிங். அந்த இரண்டு சொல்லை அடித்து முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். ஆட்டுக்குட்டிக்காக ஊருக்கு வெளியே நின்ற ஒரு வாரம் ஞாபகத்துக்கு வந்தது, வளைவில் யாரையும் கேட்காமல் ஓட்டலாமே என்ற ஆசையும் வந்தது, அடித்து அனுப்பிவிட்டேன். பிறகு அந்த விளம்பரத்தின் மேல் என் வீட்டுக்காரியின் பழைய துண்டு ஒன்றைத் தொங்கவிட்டேன்.

என்னை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மணல்மேட்டுக்குப் போய்ப் பார்த்தால் செம்பருத்தி அங்கே முரல் மீன் விற்றுக்கொண்டிருந்தாள், கலெக்டர் இரண்டு வரியில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார், தெருவில் பத்தொன்பது வீடு, பதினெட்டு வீட்டுக்காரர்களும் அங்கே நின்றோம், எப்சிபாவைத் தவிரப் பதினேழு பேரும் அந்த இரண்டு சொல்லை எழுதிக் கொடுத்திருந்தோம். ஒருவரையொருவர் பார்த்தபோது வெட்கமாக இருந்தது, ஆனால் அந்த வெட்கம் அரைநாள் தாங்கவில்லை. பதினெட்டுப் பேர் சேர்ந்து செய்தால் அது தப்பு மாதிரியே தெரிவதில்லை. அனுப்பியவளை விட்டுவிட்டால், மூன்றாம் தெருவில் அந்த விளம்பரம் வராத பீரோ உலகம்மை வீட்டுப் பீரோ மட்டும்தான்.

நாற்பது நாள் அப்படி ஓடியது. அவள் வீட்டுச் சுவரில் தினமும் புது விளம்பரம் வந்துகொண்டிருந்தது, நாங்கள் வழக்கம்போல் நின்று படித்தோம், அவளிடம் நல்ல முகமாகப் பேசினோம். தாழையூரில் எங்கள் எழுத்து மெலிந்துகொண்டே போனது. செம்பருத்திக்குக் காய்ச்சல் என்றோம், பஸ்ஸுக்கு ரிப்பேர் என்றோம். அவள் நம்பினாள். வேலைவிட்டு வந்ததும் உட்கார்ந்து மற்ற ஊர்ப் பலகைகளில் எல்லாம் தாழையூர் விளம்பரத்தைப் போட்டாள். பத்து வரி விதியை ஐந்து வரியாகக் குறைத்தாள், பிறகு மூன்று வரியாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனிச்சேவு பொட்டலத்தோடு ஒவ்வொரு வீடாக வந்து, "ஒடம்பு கிடம்பு சரியில்லையா? எம்மேல எதும் வருத்தமா?" என்று கேட்டாள். நான் பீரோவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "ச்சே, என்ன பேச்சு இது, லேப்ல வேல சாஸ்திம்மா" என்றேன். சீனிச்சேவையும் வாங்கிக்கொண்டேன், வெறும் கையோடுதான் அனுப்பினேன், கிண்ணம் ஞாபகமே வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் எப்சிபா வீட்டு வாசல்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பால் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன்.

"நான் ரொம்பக் கறாரா இருக்கேனாட்டி?" என்று உலகம்மை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லட்டி" என்றாள் எப்சிபா. செல்போனை எடுத்து, மணி ஆறரை ஆனதைப் பார்த்து, தாழையூரில் தொம்மைக்கு விளக்கை ஏற்றிக் கொடுத்தாள். அதே கையால் மணல்மேட்டிலும் ஏற்றினாள் என்பது எனக்குத் தெரியும், அங்கேயும் ஒரு விளக்கு வைத்திருந்தாள்.

கார்த்திகையில் சொர்ணத்தாய் மதினியின் மகளுக்கு வளைகாப்பு. தெரு மொத்தமும் அங்கேதான். மணைக்கு முன்னால் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று, வெள்ளிக் குங்குமச்சிமிழை மட்டும் காணோம். மதினிக்கு இரண்டு கையிலும் சந்தனம். "ஏட்டி உலகு, பீரோவுல மேல்தட்டுல இருக்கு, எடுத்துட்டு வாட்டி" என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று. மதினியின் பீரோவில் இருந்த விளம்பரத்தில் அதற்குள் குடியேறியவர்கள் பட்டியலும் சேர்ந்திருந்தது, அதுதான் முறை, எந்த ஊர் விளம்பரத்திலும் யார் யார் இருக்கிறார்கள் என்று போடுவார்கள். பதினெட்டுப் பெயர், ஊர் கட்டியவளாக எப்சிபா. கீழே அந்தப் பொடி எழுத்து. உலகம்மை எதையும் முழுசாகப் படிக்கிறவள்.

சிமிழோடு வந்தாள். பெண்ணுக்குக் குங்குமம் வைத்து, கையைப் பிடித்து நிதானமாகப் பச்சையும் சிவப்புமாக வளையல் போட்டுவிட்டாள். பந்தியில் எப்சிபாவுக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தாள். எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, புளியோதரை எல்லாம் வரிசையாக வந்தது. நாங்கள் இலையை அளைந்துகொண்டிருந்தோம்.

"தொம்மை இன்னைக்கு விளக்கேத்துவாராட்டி?" என்று உலகம்மை கேட்டாள்.

எப்சிபாவின் கை சோற்றிலேயே நின்றது. "ஏத்துவாரு" என்றாள்.

"எந்த ஊர்ல?"

எப்சிபா முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள். "பதினோரு வருஷமா தெனமும் ஆறரைக்கு, தொம்மை ஏத்துனாரா ஏத்துனாரான்னு பாத்த. ஒருநாளு எப்சிபா சாப்ட்டாளான்னு கேட்டியாட்டி? பிள்ளய பெத்துப்போட்டுட்டு ஏத்துனேன். ஏன் அஞ்சு நிமிஷம் லேட்டுன்னு கேட்ட."

"கேட்டிருக்கக் கூடாது" என்றாள் உலகம்மை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ என் வீட்டுக் கதவத் தட்டித் திட்டியிருக்கலாம். இந்தாட்டி உன் ஊருன்னு மூஞ்சில விட்டெறிஞ்சிட்டுப் போயிருந்தாக்கூட, நாலு நாளு அழுதுட்டு ஒன் வீட்டு வாசல்ல வந்து நின்னுருப்பேன். ஊரு பூரா எங்கிட்ட சொல்லமாட்டேன்னு எழுதி வாங்கியிருக்கியேட்டி."

பிறகு தலையைத் தூக்கிப் பந்தி முழுக்க ஒருமுறை பார்த்தாள், ஒவ்வொரு முகமாக, யாரையும் விடாமல். தர்மக்கண் அண்ணாச்சி, எழுபது வயது மனுஷர், அப்பளத்தை உடைக்கக்கூடத் துணியாமல் உட்கார்ந்திருந்தார். "உலகு, நாங்க வந்து..." என்று ஆரம்பித்தார்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, தன் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, இலையை மடித்து, எழுந்துபோய்க் கைகழுவினாள்.

அன்று சாயங்காலம் தாழையூரில் விளக்கு ஏற்றப்படவில்லை. ஏழு மணிக்கு ஊர்ப் பலகையில் ஒரு அறிவிப்பு வந்தது: பதினொன்றாவது விதியின்படி கீழ்க்கண்டவர்களின் பெயர்கள் நீக்கப்படுகின்றன. முதல் பெயர் எப்சிபா. என் பெயர் ஒன்பதாவது. திட்டி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுச் சுவரில், கவுன்சிலர் மாமனாரின் புன்னகைக்குப் பக்கத்தில், மணல்மேட்டு விளம்பரம் பகிரங்கமாக வந்து ஒட்டிக்கொண்டது. எப்சிபாதான் போட்டிருந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை, முறைப்படி செய்துவிட்டால் உறவு ஒருவேளை திரும்பும் என்று நினைத்திருப்பாள். அடியில் 'கருவாடு' இருந்தது, ஆகவே விழவில்லை. தர்மக்கண் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை, பதினெட்டில் ஒருவர் தானும் என்பதை மறந்துவிட்டுச் சிரட்டையோடு இறங்கி வந்தார்.

"சொரண்டாதீய அண்ணாச்சி" என்றாள் உலகம்மை, முதல் விளம்பரம் வந்த அன்று சொன்ன அதே குரலில். "விதிப்படி வந்திருக்கு. நானும் பதிலுக்கு ஒட்டணும்."

மணல்மேட்டுக்குச் சுவர் கிடையாது. அது பீரோக்களுக்குள்ளே கட்டின ஊர். ஆகவே அவள் பதிலுக்குப் போட்ட விளம்பரம் மறுநாள் காலை எங்கள் பதினேழு வீட்டுப் பீரோக் கதவுகளின் உட்பக்கம், மணல்மேட்டு விளம்பரத்துக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் துண்டை விலக்கி, பனியனோடு நின்று படித்தேன்.

'தாழையூர். கடற்கரை ஊர். பதினோரு வருஷமாக இருக்கிறது, இப்போது காலியாக இருக்கிறது. மீன்காரி, கலெக்டர், பஸ் டிரைவர் மற்றும் பலர் தேவை. எத்தனை வரி எழுதினாலும் சரி. பிழை இருந்தாலும் சரி. பழைய ஆட்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.'

சுரண்டிப் பார்த்தோம், பெயிண்ட் அடித்துப் பார்த்தோம், பெயிண்டின் மேல் எழுத்து எழும்பி வந்தது. ஒரு வீட்டில் பீரோவையே மாற்றினார்கள், புதுப் பீரோ வாசல்படி ஏறும்போதே அதன் கதவுக்குள் விளம்பரம் இருந்தது. பிறகு பழகிவிட்டோம், எங்கள் தெரு எதற்கும் பழகிவிடும். சொர்ணத்தாய் மதினி வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், "அதா, அது ஒரு ஊரு விளம்பரம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். ஆனால் தினமும் காலையில் சட்டையை எடுக்கும்போது கடைசி வரி கண்ணில் படாமல் சட்டை எடுக்க முடியாது. மணல்மேட்டில் எங்களால் எழுதவும் முடியவில்லை. என் பஸ் முதல் நிறுத்தத்திலேயே நின்றது, செம்பருத்தியின் கூடையில் மீன் நாறியது, கலெக்டருக்கு உத்தரவு போட ஒன்றுமில்லை. மாதம் முடிவதற்குள் அந்த ஊரில் புல் முளைத்துவிட்டது.

தாழையூரில் ஆள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். அது எங்களுக்குப் பீரோவில்தான் தெரிந்தது. ஒருநாள் 'மீன்காரி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'ஆள் கிடைத்தார்' என்று வந்தது, தர்மக்கண் அண்ணாச்சி அன்றைக்கு மாடியை விட்டு இறங்கவில்லை. கலெக்டருக்குக் குளித்தலையில் இருந்து யாரோ வந்தார்கள். எங்களுக்குப் பெயர் தெரியாதவர்கள், எங்கள் ஆட்களின் வீட்டில் குடியேறி, எங்கள் ஆட்களின் பாதையில் நடந்தார்கள்.

எப்சிபாவின் பீரோவில் மட்டும் ஒன்றும் இல்லை. கடிதம் அனுப்பியவள் அவள், அவளுக்கு யாரும் அனுப்பவில்லை, ஆகவே அவள் பீரோவுக்குள் ஊரும் இல்லை, விளம்பரமும் இல்லை. தாழையூருக்குள் நுழைய அவளுக்குப் பெயரும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிறவள் ஒவ்வொரு வீடாக ஏறி, "ஒரு நிமிஷம் பீரோவத் தொறங்களேன் மைனி" என்று கேட்க ஆரம்பித்தாள். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் திறந்து காட்டினோம். வரிவரியாகப் படிப்பாள். விளக்குக்காரர் தேவை என்று அதில் எங்கேயும் இல்லை. எங்கள் எல்லாருடைய இடத்தையும் காலி என்று போட்ட உலகம்மை, தொம்மையின் இடத்தை மட்டும் போடவில்லை. அந்த ஒரு விடுபடலைப் பிடித்துக்கொண்டுதான் எப்சிபா நடமாடினாள் என்பது அவள் முகத்திலேயே தெரியும். எனக்காகத்தான் வைத்திருக்கிறாள் என்று என் வீட்டுக்காரியிடம் ஒருநாள் சொல்லியேவிட்டாள்.

தை பிறந்து மூன்றாம் நாள், நான் லேபிலிருந்து திரும்பி நீலச் சட்டையைக் கழற்றிப் பீரோவில் மாட்டப் போனேன். விளம்பரம் மாறியிருந்தது. 'பஸ் டிரைவர்: ஆள் கிடைத்தார், திருகோணமலை.' அந்த மனுஷனுக்கு நிஜமாகவே பஸ் ஓட்டத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அடியில் இன்னொரு வரியும் புதிதாக இருந்தது. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் எப்சிபாவின் குரல் கேட்டது.

"கோமதியண்ணே, ஒரு நிமிஷம்."

மறைத்திருக்கலாம், பழைய துண்டு அங்கேயேதான் கிடந்தது. மறைக்கவில்லை. அவள் வந்து நின்று, கண்ணாடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். கடைசிக்கு வந்ததும் உதடு அசைவது நின்றது.

'விளக்கு: தனி ஆள் தேவையில்லை. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு நாள் ஏற்றிக்கொள்கிறோம்.'

மணி ஆறு இருபத்தெட்டு. அவள் அதை இரண்டாம் தடவை படித்தாள். அடுத்த வரி ஏதாவது வருமா என்று கதவின் அடிவரைக்கும் குனிந்து பார்த்தாள்.

"இன்னைக்கு யாரு முறைன்னு போட்டிருக்காளாண்ணே?"

"போடலம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, பீரோக் கதவை அவளே சாத்தி, கைப்பிடியையும் திருகிவிட்டுப் போனாள்.